கேள்வி – பதில்: மேன் தீவின் அறுபது கிலோமீட்டர்

மேன் தீவில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக நடைபெறும் டூரிஸ்ட் டிராஃபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தை டி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் வட அயர்லாந்து வீரர் மைக்கேல் டன்லப் 33 வெற்றிகளை எட்டியிருக்கிறார் என்று சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்தப் பந்தயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தஞ்சாவூர் வாசகர்: பிரிட்டனில் எத்தனையோ சாலைகள் இருக்கும்போது, இந்தப் பந்தயத்தை ஏன் கடல் கடந்து ஒரு சிறு தீவில் போய் நடத்துகிறார்கள்? முதன்முதலில் வென்றவர் யார்?

காரணம் சட்டம்தான். 1903-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பிரிட்டன் சாலைகளில் மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அன்று செல்ல முடியாது. பந்தயத்துக்காகப் பொதுச்சாலையை மூடுவதற்கும் அங்கே அப்போது இடமிருக்கவில்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவோ பிரிட்டிஷ் அரசுரிமையின் கீழ் இருந்தாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. அதற்கு டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றம் உண்டு. அந்த மன்றம் 1904-இல் சாலையை மூடிப் பந்தயம் நடத்த இடம்தரும் சட்டத்தை இயற்றியது. முதலில் கார்கள் வந்தன; அவற்றின் பின்னே மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்ந்தன.

முதல் டி.டி. பந்தயம் 1907 மே 28 அன்று, செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும், 25 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான ஒரு சுற்றுப் பாதையில் நடந்தது. புறப்பட்டவர்கள் 25 பேர். ஓட்ட வேண்டியவை பத்துச் சுற்றுகள். இன்று நமக்கு வியப்பளிப்பது, அந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு இருந்த அதே மதிப்பு மைலேஜுக்கும் இருந்தது என்பதுதான். ஒற்றை சிலிண்டர் வண்டி ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டரும், இரட்டை சிலிண்டர் வண்டி 26 கிலோமீட்டருக்கு மேலும் கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கில்தான் பெட்ரோல் அளந்து ஊற்றப்பட்டது. வண்டியில் மட்கார்டும் சைலன்சரும் இருக்க வேண்டும். சாதாரண மனிதர் ஊர் சுற்றும் வண்டிகளுக்கான பந்தயம் என்ற பொருளில்தான் 'டூரிஸ்ட்' என்ற சொல் பெயரிலேயே இடம்பெற்றது.

ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் மணிக்குச் சராசரியாக 61 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மணி எட்டு நிமிடத்தில் வென்றார். இரட்டை சிலிண்டர் பிரிவில் வென்றவர் ரெம் ஃபௌலர். அவர் ஓட்டியது நார்ட்டன் வண்டி. அதில் பொருத்தப்பட்டிருந்தது பிரான்ஸின் பெஜோ எஞ்சின். வழியில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும், டயர் வெடித்துச் சரிந்தும், சாலையோரத்தில் உட்கார்ந்து பழுதுபார்த்தும் சலித்துப் போன ஃபௌலர் பந்தயத்தையே கைவிட எண்ணியபோது, வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த ஒருவர், "நீங்கள்தான் அரை மணி நேரம் முந்தியிருக்கிறீர்கள்" என்று சொல்ல, அவர் மீண்டும் வண்டியில் ஏறினார். நூறாண்டு கடந்தும் பேசப்படும் அந்த வெற்றிக்கு, பெயர் தெரியாத அந்த வழிப்போக்கரும் ஒரு காரணம்.

ஒற்றை சிலிண்டர் பிரிவில் இரண்டாவதாக வந்த டிரையம்ஃப் வீரர் ஜாக் மார்ஷலின் வண்டியில் பெடல் கிடையாது; காலியரின் வண்டியில் இருந்தது, மேட்டில் ஏறும்போது அவர் மிதித்துக் கொண்டார். இது சர்ச்சையாகி மறு ஆண்டு பெடலுக்குத் தடை வந்தது. 1908-இல் மார்ஷலே வென்றார்.

கும்பகோணம் வாசகர்: இப்போது சுற்று ஒன்றுக்கு 60 கிலோமீட்டர் என்கிறார்களே, அது எப்போது வந்தது?

1911-இல். தலைநகரான டக்ளஸிலிருந்து புறப்பட்டு, தீவின் வடபகுதியிலுள்ள ராம்சி வரை ஊர்களின் ஊடாகச் சென்று, அங்கே கடல் மட்டத்திலிருந்து ஸ்னேஃபெல் மலையின் தோளில் 400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபுறம் இறங்கி டக்ளஸுக்கே திரும்பும் பாதை அது. இன்றைய அளவில் 60.7 கிலோமீட்டர், வளைவுகள் 200-க்கும் மேல்.

மலை வந்ததும் வண்டிகளின் குணம் மாறியது. ஒற்றை வேகத்தில் தோல் பெல்ட்டால் ஓடிய பிரிட்டன் வண்டிகள் ஏற்றத்தில் திணறின. செயினும் இரட்டை கியரும் கொண்ட அமெரிக்காவின் இந்தியன் வண்டிகள் பெரிய பிரிவான சீனியரில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிச் சென்றன. வென்றவர் ஆலிவர் காட்ஃப்ரி; அடுத்து சார்லஸ் ஃபிராங்க்ளின், ஆர்தர் மூர்ஹவுஸ். பெல்ட்டின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியதற்கு அந்த ஒரு நாள் போதுமான அடையாளம். அதே ஆண்டுப் பயிற்சியின்போது கிளென் ஹெலன் அருகே விக்டர் சரிட்ஜ் என்ற வீரர் உயிரிழந்தார். இந்தப் பந்தயத்தின் முதல் பலி அவர். பாதையின் பெருமையும் அதன் விலையும் ஒரே ஆண்டில் தொடங்கியிருப்பதை இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி வாசகர்: தொலைக்காட்சியில் பார்க்கும் பந்தயங்களில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். இங்கே ஒவ்வொருவராகப் புறப்படுகிறார்களாம். அப்படியானால் யார் முந்துகிறார் என்று எப்படித் தெரியும்? அதில் என்ன சுவை?

உங்கள் கேள்விதான் இந்தப் பந்தயத்தின் உயிர்நாடியைத் தொடுகிறது. டி.டி.யில் வீரர்கள் பத்து விநாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்படுகிறார்கள். போட்டி பக்கத்தில் வரும் வண்டியோடு அல்ல, கடிகாரத்தோடு. கடைசியாகக் கோட்டைக் கடந்தவர் முதலாவதாக வரலாம். முதலில் கடந்தவர் பத்தாவதாகப் போகலாம். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது வீரருக்கே தெரியாது. சாலையோரத்தில் அவருடைய ஆட்கள் பலகையில் எழுதிக் காட்டும் எண்ணைக் கண நேரத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த முறையில் என்ன சுவை என்பதற்கு 1935 சீனியர் பந்தயத்தை விளக்கமாகச் சொன்னாலே போதும். அன்று இடைவெளி 30 விநாடி, ஏழு சுற்றுகள். நார்ட்டன் அணியின் ஸ்காட்லாந்து வீரர் ஜிம்மி கத்ரி முதல் எண்ணில் புறப்பட்டார். அயர்லாந்தின் ஸ்டான்லி உட்ஸ் இத்தாலியின் மோட்டோ குட்ஸி வண்டியில் முப்பதாவது எண்ணில், அதாவது பதினான்கரை நிமிடம் கழித்துப் புறப்பட்டார். உட்ஸ் நெடுங்காலம் நார்ட்டனுக்கே ஓட்டி வென்றவர். ஆகவே நார்ட்டன் அணியினர் அவரை நன்றாக அறிவார்கள். அவரும் அவர்களை அறிவார்.

ஆறு சுற்று முடிந்தபோது கத்ரி 26 விநாடி முன்னணியில் இருந்தார். உட்ஸின் பிட்டில், அதாவது வழியில் வண்டியை நிறுத்திப் பெட்ரோல் போடும் இடத்தில், குட்ஸி ஆட்கள் பெட்ரோல் குழாயைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து ஊற்றத் தயாராக நின்றார்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் பெட்ரோலுக்காக உட்ஸ் நின்றால் இன்னும் பல விநாடிகள் போய்விடும். பிறகு கத்ரியை யாராலும் பிடிக்க முடியாது. பக்கத்து பிட்டிலிருந்து இதைப் பார்த்த நார்ட்டன் அணி அந்தக் கணக்கிலேயே நிம்மதியடைந்தது. உட்ஸ் வந்தார். நிற்கவில்லை. தலையைத் தாழ்த்தி, டேங்க்கோடு ஒட்டிப் படுத்து, தயாராக நின்ற ஆட்களைக் கடந்து நேரே போய்விட்டார். மீதி பெட்ரோல் கடைசிச் சுற்றுக்குத் தாங்கும் என்று முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். பிட்டில் நடந்ததெல்லாம் நார்ட்டன் அணி பார்ப்பதற்காக நடத்தப்பட்ட காட்சி. அந்தக் கணத்தில் கத்ரி மலைக்கு அப்பால் எங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை எச்சரிக்க அவகாசமில்லை.

கத்ரி கோட்டைக் கடந்து இறங்கியதும் வெற்றியாளருக்குரிய வாழ்த்துகள் அவரைச் சூழ்ந்தன. இன்னும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உட்ஸ் மணிக்கு 139 கிலோமீட்டர் என்ற அன்றைய சாதனைச் சுற்று வேகத்தில் வந்து சேர்ந்தபோது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் வெறும் நான்கு விநாடிதான், வென்றவர் உட்ஸ். 420 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு நான்கு விநாடியில் தோற்பது என்றால் என்ன என்பதைக் கத்ரியின் இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் 1937-இல் ஜெர்மானியக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் உயிரிழந்தார். மேன் தீவின் மலைச்சாலையில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது; வீரர்கள் இன்றும் அந்த இடத்தை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். உட்ஸின் மொத்த வெற்றிகள் பத்து. 1923 முதல் 1939 வரை அவர் வென்றுகொண்டே இருந்தார்.

ஓசூர் வாசகர்: நார்ட்டன் கம்பெனியை நம் டி.வி.எஸ். வாங்கியிருக்கிறது. இந்தப் பந்தயத்தில் நார்ட்டனின் இடம் என்ன?

ஆம், 2020 ஏப்ரலில் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் நார்ட்டனை வாங்கியது. ஆகவே மேன் தீவின் முதல் வெற்றியாளர்களில் ஒருவரான ஃபௌலரின் வண்டியின் பெயர் இன்று ஓசூரோடு தொடர்புடையது என்று நீங்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனியர் வெற்றிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நார்ட்டன், நார்ட்டன் என்றே கண்ணில் படும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1950-ஆம் ஆண்டு. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்த புதிய வண்டிச் சட்டத்தில் (ஃபிரேம்) அவ்வாண்டு நார்ட்டன் எஞ்சின் ஏற்றப்பட்டது. எஞ்சின் சக்தியில் இத்தாலிய வண்டிகளைவிடப் பின்தங்கியிருந்த நார்ட்டன், மேடுபள்ளமான சாலையில் வளைவுகளை அசையாமல் எடுக்கும் திறத்தால் அந்தக் குறையை ஈடுகட்டியது. ஓட்டிப் பார்த்த ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது என்றாராம். அதுவே அந்தச் சட்டத்துக்கு 'ஃபெதர்பெட்' என்ற பெயராக நிலைத்தது. சீனியரில் ஜெஃப் டியூக்கும் ஜூனியரில் ஆர்ட்டி பெல்லும் முதலிடம். இரண்டிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கே.

அதன்பின் நிறுவனம் தளர்ந்தது. என்றாலும் 1961-இல் மைக் ஹெய்ல்வுட் நார்ட்டனில் சீனியர் வென்றார். 1973-இல் பீட்டர் வில்லியம்ஸ் 750 சிசி பிரிவில் வென்றார். கடைசியாக 1992-இல், ரோட்டரி எஞ்சின் பொருத்திய வெள்ளை நார்ட்டனில் ஸ்டீவ் ஹிஸ்லப், யமஹாவில் வந்த கார்ல் ஃபோகர்ட்டியை ஆறு சுற்றுகளின் முடிவில் 4.4 விநாடியில் தோற்கடித்தார். தோற்ற ஃபோகர்ட்டிதான் அன்று புதிய சுற்றுச் சாதனை படைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி.டி. வரலாற்றின் மிகச் சிறந்த பந்தயம் எது என்று கேட்டால் பலரும் இதையே சொல்கிறார்கள். என் ஓட்டு 1935-க்குத்தான்.

மதுரை வாசகி: ஜப்பானிய வண்டிகள் இதில் எப்போது நுழைந்தன?

1954 மார்ச்சில் சோய்ச்சிரோ ஹோண்டா, தம் நிறுவனம் டி.டி. பந்தயத்தில் கலந்துகொண்டு வெல்லும் என்று ஊழியர்களிடம் அறிவித்தார். அந்த நாளில் ஜப்பானிய வண்டியை ஐரோப்பாவில் யாரும் பொருட்படுத்தியதில்லை. ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பின் 1959-இல் ஹோண்டா அணி தீவில் வந்து இறங்கியது. 125 சிசி பிரிவில் நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார், அணிப் பரிசும் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1961-இல், 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கு. இரண்டையும் வென்றவர் 21 வயது ஹெய்ல்வுட். அதே வாரத்தில் நார்ட்டனில் சீனியரையும் வென்று, ஒரே வாரத்தில் மூன்று வெற்றி பெற்ற முதல் வீரரானார். 1963-இல் 50 சிசி பிரிவில் சுஸுகியில் வென்ற மிட்சுவோ இட்டோ, டி.டி. வென்ற முதல் ஜப்பானிய வீரர்.

கோவை வாசகர்: ஹெய்ல்வுட், அகோஸ்தினி இருவரில் யார் பெரியவர் என்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாள்தோறும் விவாதம் நடக்கிறது. தீர்ப்புச் சொல்ல முடியுமா?

மேன் தீவுக்கு மட்டும் என்றால் என் தீர்ப்பு ஹெய்ல்வுட்டுக்கே. ஆனால் அதை எண்ணிக்கையை வைத்துச் சொல்லவில்லை. எண்ணிக்கையில் ஹெய்ல்வுட் 14, அகோஸ்தினி 10.

1967 சீனியரில் இருவரும் மோதினார்கள். ஹெய்ல்வுட் ஓட்டிய ஹோண்டா 500-இன் எஞ்சினுக்கு ஆற்றல் மிகுதி, அந்த ஆற்றலைத் தாங்கும் உறுதி அதன் சட்டத்துக்கு இல்லை, நேர்ச்சாலையிலேயே நெளியும். எம்.வி. அகுஸ்தா வண்டியில் வந்த இத்தாலிய வீரர் அகோஸ்தினி முதல் சுற்றிலேயே முன்னேறினார். ஹெய்ல்வுட்டின் வண்டியில் ஆக்ஸிலேட்டர் கைப்பிடி தளர்ந்து, கையோடு கழன்று வரும் நிலையில் இருந்தது. வளைவுக்கு வளைவு அதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். அந்த நிலையில்தான் மணிக்கு 175 கிலோமீட்டர் என்ற சுற்றுச் சாதனையைப் படைத்தார். அதை முறியடிக்க 1975 வரை ஆனது. ஐந்தாம் சுற்றில் மலையின் மேல் அகோஸ்தினியின் செயின் அறுந்தது. அது அறுந்திராவிட்டால் அகோஸ்தினி வென்றிருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

என் தீர்ப்புக்குக் காரணம் 1978. பதினோரு ஆண்டுகள் அந்தப் பாதையில் பந்தயம் ஓட்டாமல், இடையில் கார் பந்தயத்தில் கால் நசுங்கி, 38 வயதில் ஹெய்ல்வுட் திரும்பி வந்தார். டுகாட்டி வண்டியில், ஃபார்முலா ஒன் என்ற மோட்டார் சைக்கிள் பிரிவில் பழைய எதிரி ஃபில் ரீடை வீழ்த்தி வென்றார். மறு ஆண்டு சுஸுகியில் சீனியரையும் வென்று ஓய்வு பெற்றார். சாலையை மறக்காதவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கு என் வணக்கம்.

விழுப்புரம் வாசகர்: இத்தனை புகழ் பெற்ற பந்தயம் உலக சாம்பியன்ஷிப்பில் ஏன் இல்லை? இவ்வளவு பேர் சாகும் பந்தயத்தைத் தடை செய்தால்தான் என்ன?

1949-இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது அதன் முதல் பந்தயமே மேன் தீவில்தான் நடந்தது. 1972-இல் பார்லொட்டி என்ற இத்தாலிய வீரர் மழையிலும் மூடுபனியிலும் 125 சிசி பந்தயத்தை ஓட்டும்போது மலைச்சாலையில் விழுந்து இறந்தார். அவருடைய நண்பரான அகோஸ்தினி அன்றைய சீனியரில் வென்றுவிட்டு, இனி இந்தத் தீவில் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். வேறு முன்னணி வீரர்களும் விலகினார்கள். 1976-ஆம் ஆண்டோடு உலக சாம்பியன்ஷிப் தகுதி போயிற்று. பிரிட்டனின் சுற்று 1977 முதல் சில்வர்ஸ்டோன் மைதானத்துக்கு மாறியது.

இரண்டாவது கேள்விக்கு எளிய பதில் என்னிடம் இல்லை. அந்தச் சாலையில் டி.டி.யிலும் அதன் துணைப் பந்தயமான மேங்ஸ் கிராண்ட் பிரீயிலும் பயிற்சிகளிலுமாக இறந்த வீரர்கள் 260 பேருக்கும் அதிகம். பந்தய மைதானத்தில் வண்டி வழுக்கினால் மணல்பரப்பு இருக்கும். இங்கே வழுக்கினால் எதிரே இருப்பது கருங்கல் சுவர், விளக்குக் கம்பம், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி. 2022-இல் மட்டும், பின்னர் மருத்துவமனையில் இறந்தவரையும் சேர்த்து ஆறு பேர். அவர்களில் ஸ்டாக்டன் என்ற தந்தையும் மகனும் ஒரே சைட்கார் வண்டியில் சென்றவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு வரிகூட இனி எழுதக் கூடாது என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் 1976-க்குப் பிறகு எந்த வீரரும் உலகப் புள்ளிகளுக்காக அங்கே போக வேண்டிய கட்டாயம் இல்லை. போகிறவர் அத்தனை பேரும் தாமே விரும்பிப் போகிறார்கள். கட்டாயம் நீங்கியது சரியே; விருப்பத்தோடு வருகிறவரைத் தடுப்பது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடத்துகிறவர்களின் கடமை வேறு. பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு குறை தெரிந்தும் அது மறு ஆண்டும் தொடர்ந்தால் அது வீரரின் துணிச்சலின் கணக்கில் சேராது. பனி இறங்கினாலோ காற்று மிகுந்தாலோ பந்தயத்தை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் காண்கையில், ஓரளவு பாடம் கற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். 2025-இல் பலத்த காற்றினால் சீனியர் பந்தயமே ரத்தானது.

சேலம் வாசகர்: மைக்கேல் டன்லப்பின் 33 வெற்றிகள் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு முன்னால் யார் முதலிடத்தில் இருந்தார்?

அவருடைய பெரியப்பா ஜோயி டன்லப். வட அயர்லாந்தின் பாலிமனி ஊர்க்காரர். 1977-இல் முதல் வெற்றி, 2000-இல் 26-ஆவது வெற்றி. பேச்சு குறைவு, பேட்டி என்றால் ஒதுங்கிவிடுவார், தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டுவார். பந்தயமில்லாத நாள்களில் வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு ருமேனியா, அல்பேனியா, போஸ்னியா நாடுகளின் அனாதை இல்லங்களுக்குத் தாமே ஓட்டிச் சென்று கொடுத்தவர். 1996-இல் அந்தத் தொண்டுக்காகவே பிரிட்டிஷ் அரசு அவருக்கு விருது அளித்தது.

2000-இல் அவருக்கு வயது 48. ஃபார்முலா ஒன் பிரிவில் அவர் 1988-க்குப் பிறகு வென்றதில்லை. அவருடைய காலம் முடிந்தது என்றே பலரும் கருதியிருந்தார்கள். அந்த ஆண்டு அதே பிரிவில் ஹோண்டாவில் வென்றார். தொடர்ந்து 250 சிசி, 125 சிசி பிரிவுகளிலும் வென்றார். ஒரே வாரத்தில் மூன்று. அடுத்த மாதமே, ஜூலை 2 அன்று, எஸ்டோனியாவின் தாலின் நகரில் மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் வண்டி வழுக்கி மரத்தில் மோதி இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். மேன் தீவின் மலையில், பங்களா என்ற இடத்தில், ஹோண்டா மீது அமர்ந்த கோலத்தில் அவருடைய சிலை பாதையைப் பார்த்தபடி இருக்கிறது.

ஜோயியின் தம்பி ராபர்ட்டும் டி.டி. வென்றவர். 2008 மே மாதம் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பந்தயப் பயிற்சியில் இறந்தார். அவருடைய மகன் மைக்கேல், இரண்டே நாள் கழித்து, தந்தை ஓட்டவிருந்த அதே 250 சிசி பந்தயத்தில் புறப்பட்டு வென்றார். அடுத்த ஆண்டு மேன் தீவில் தம் முதல் டி.டி. வெற்றியைப் பெற்றார். 2018-இல் அண்ணன் வில்லியமையும் ஒரு சாலைப் பந்தயப் பயிற்சியில் பறிகொடுத்தார்.

2024 ஜூன் 1 அன்று மைக்கேல் 26-ஐத் தொட்டார். மறுநாள் சூப்பர்பைக் பந்தயத்தில் முன்னணியில் இருந்தும், ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி சரியாகப் பூட்டப்படாததால் வழியில் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாகி, வெற்றி கைநழுவியது. ஜூன் 4 அன்று 27. பெரியப்பாவின் சாதனை 24 ஆண்டுகள் நின்றிருந்தது. அந்த வாரம் 29 என்று முடிந்து, 2025-இல் 33 ஆயிற்று. இவர்களுக்கு அடுத்தபடியாக 23 வெற்றிகளோடு இருப்பவர் ஜான் மெக்கின்னஸ்.

காரைக்குடி வாசகி: பெண்கள் யாரும் ஓட்டியதில்லையா?

ஓட்டியிருக்கிறார்கள், தடுக்கவும் பட்டிருக்கிறார்கள். 1954-இல் ஜெர்மனியின் இங்கே ஸ்டோல் சைட்காரில் துணை வீரராக வந்து ஐந்தாம் இடம் பெற்றார். 1962-இல் லண்டனைச் சேர்ந்த பெரில் ஸ்வைன், தனி வண்டியில் டி.டி. ஓட்டிய முதல் பெண்மணி என்ற பெருமையோடு 50 சிசி பந்தயத்தை 22-ஆவதாக முடித்தார். உடனே, பெண்களுக்கு இது ஆபத்து என்று சொல்லி அவருடைய சர்வதேச உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். ஆண்களுக்கு அந்த ஆபத்து எந்த வகையில் குறைவு என்று அவர்கள் விளக்கவில்லை. தனி வண்டியில் அடுத்த பெண், ஹிலரி மஸ்ஸன், வருவதற்கு 1978 ஆயிற்று. 2010-இல் ஜென்னி டின்மவுத் மணிக்கு 193 கிலோமீட்டர் சராசரியில் ஒரு சுற்றை முடித்தார். ஜாக் மார்ஷலுக்குப் பெடல் விஷயத்தில் ஓராண்டில் கிடைத்த நியாயம், ஸ்வைனுக்கு அவர் ஓட்டிய காலத்தில் கிடைக்கவே இல்லை.

நாகர்கோவில் வாசகர்: இப்போதைய சுற்றுச் சாதனை எவ்வளவு?

2023-இல் பீட்டர் ஹிக்மன் பி.எம்.டபிள்யூ. வண்டியில் 16 நிமிடம் 36 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். சராசரி மணிக்கு 219 கிலோமீட்டர். மணிக்கு 100 மைலை முதலில் கடந்தவர் 1957-இல் கிலேரா வண்டியில் பாப் மெக்கின்டயர்; 120-ஐக் கடந்தவர் 1989-இல் ஹிஸ்லப்; 130-ஐக் கடந்தவர் நூற்றாண்டு விழா நடந்த 2007-இல் மெக்கின்னஸ்.

புதுச்சேரி வாசகர்: அந்தச் சாலையில் நம்மைப் போன்றவர்கள் ஓட்ட முடியுமா?

தாராளமாக. பந்தய நேரத்தைத் தவிர மற்ற வேளைகளில் அது பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் ஓடும் சாதாரணப் பொதுச்சாலை. ஊர்ப்புறங்களில் வேக எல்லை உண்டு. மலைப்பகுதியில் பெரும்பாலும் இல்லை. பந்தயக் காலத்தில் ராம்சியிலிருந்து டக்ளஸ் வரையான மலைச்சாலையை ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். எதிரே வண்டி வராது என்ற நம்பிக்கையில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே ஏறுகிறார்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். ராம்சி தாண்டி ஏறும்போது, கத்ரியின் நினைவிடத்துக்குச் சற்று முன்னரே வேகத்தைக் குறையுங்கள். அங்கே வளைவு நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நீளமானது. பனி இறங்கினால் சாலையோரத்து வெள்ளைக் கோடு தவிர வேறொன்றும் தெரியாது.